ஒரு முழங்கால் கும்பிடு

வடலூரில் பஸ் ஏறி, குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போய் இறங்கினால் நமக்கு ஆயிரம் ஜோலி. கோர்ட், கலெக்டர் ஆபீஸ், மீன். சீனா ஞாபகம் யாருக்கு வரும்? எனக்கு வரும், மெக்கார்ட்னி என்கிற பிரபுவால்.

1783 ஜூன். கடலூருக்குள் பிரெஞ்சுக்காரர்கள், வெளியே இங்கிலீஷ்காரர்கள். பீரங்கிச் சண்டை. மாசக் கடைசியில் கப்பலில் சேதி வருகிறது: 'ஐரோப்பாவில் ஜனவரியிலேயே ராஜாக்கள் ராஜியாகிவிட்டார்கள், நிறுத்துங்கப்பா!' நிறுத்தினார்கள். செத்தவர்கள் செத்ததுதான். அப்போது மெட்ராஸ் கவர்னர் மெக்கார்ட்னி. சண்டையை நடத்திய ஜெனரல் ஸ்டூவர்ட்டைக் கைது செய்து சீமைக்கு அனுப்பினார். ஸ்டூவர்ட் மறக்கவில்லை. 1786-ல் லண்டனில், ஒரு கால் போன அந்த மனுஷர் மரத்தில் சாய்ந்து நின்றபடி பிரபுவைச் சுட்டுக் காயப்படுத்தினார். (சினிமாவுக்கு ஆகும்!)

இதே மெக்கார்ட்னிதான் 1793-ல் சீனச் சக்கரவர்த்தியிடம் தூது போனார். அங்கே மூன்று தடவை மண்டியிட்டு, ஒன்பது தடவை தலை தரையில் பட வணங்க வேண்டும். உலகத்துக்கே ஒரு சக்கரவர்த்தி. மற்ற ராஜாக்கள் காணிக்கை கொண்டு வருகிறவர்கள். 1015-லும் 1077-லும் போன நம்ம சோழத் தூதர்களையும் அந்தக் கணக்கில்தான் எழுதிவைத்தார்கள். மெக்கார்ட்னியோ, 'எங்க ராஜா படத்துக்கு உங்க மந்திரி ஒருத்தர் அதே கும்பிடு போடட்டும், நானும் போடறேன்' என்றார். கடைசியில் ஒரு முழங்காலோடு சரி. அது அவர் சொன்ன கணக்கு. வியாபாரம் கேட்டதில் ஒன்றும் தேறவில்லை.

ராஜாவும் ராஜாவும் சமம்! நல்ல பேச்சுதான். ஆனால் இதே பிரபு 1781-ல் ஆற்காட்டு நவாபின் வரி வசூலையே எழுதி வாங்கிக்கொண்டவர். நவாப் மட்டும் சமமில்லையோ? பீரங்கி இல்லாதவனுக்கு அந்தச் சமத்துவம் கிடையாது என்பது என் கட்சி.

சீனாவுக்கு அது உறைக்க அபின் யுத்தம் (1839-42) வர வேண்டியிருந்தது. 1864-ல் மார்ட்டின் என்ற அமெரிக்கப் பாதிரி சர்வதேசச் சட்டப் புத்தகம் ஒன்றைச் சீனத்தில் போட்டார். அதே வருஷம் பிரஷ்யப் போர்க்கப்பல் ஒன்று சீனக் கரையோரம் டென்மார்க் கப்பல்களைப் பிடித்தது. சீன அதிகாரிகள் புத்தகத்தைப் புரட்டி, 'இது எங்க கடல், இங்கே பிடிக்கக் கூடாது' என்றார்கள். கப்பல்களை விட்டார்கள், நஷ்ட ஈடும் வந்தது. வானத்துக்குக் கீழே எல்லாம் நம்முடையது என்றிருந்தவர்கள், இத்தனை தூரம்தான் நம் கடல் என்று அளக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஜப்பான் இன்னும் சூட்டிகை. 1876-ல் கொரியாவை மிரட்டி உடன்படிக்கை போட்டது. முதல் ஷரத்தே, 'கொரியா சுதந்திர நாடு, ஜப்பானுக்குச் சமம்.' சீனாவின் பிடியிலிருந்து கொரியாவைக் கழற்றுவதற்குத்தான் அந்த மரியாதை. 1910-ல் அந்தச் சமமான நாட்டை ஜப்பானே முழுசாக விழுங்கியது.