கபடிக்கு நம்மிடம் ஆள் இல்லையா?

மதுரை பசுமலை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில், புரோ கபடி நடக்கும் மாதங்களில் ராத்திரி பத்து மணி வரை டி.வி. அணையாது. தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் தோற்ற அன்றைக்கெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “நம்ம பக்கம் கபடிக்கு ஏதுய்யா ஆளு? அது ஹரியானாக்காரன் ஆட்டம்.” கடையில் மட்டும் கேட்ட பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். கல்லூரி வாத்தியார்களும் சொல்கிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன, இப்போது பிள்ளைகளைப் பெற்றவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தலைவாஸ் தோற்றதை நான் மறைக்கவில்லை. 2017-ல் ஐந்தாவது சீசனில் குஜராத், ஹரியானா, உத்தரப் பிரதேச அணிகளோடு சேர்ந்து உள்ளே வந்த அணி அது. சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், அஜய் தாக்கூர் கேப்டன். முதல் இரண்டு சீசனிலும் தன் பிரிவில் கடைசி. 2019-ல் ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், அஜய் தாக்கூர் என்று பெரிய பெயர்கள் மூன்றை ஒன்றாக நிறுத்தியும் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். கோப்பை இன்றுவரை வரவில்லை.

ஆனால் இதில் எந்த இடத்தில் தமிழ்நாட்டு ஆட்டக்காரன் தோற்றான்? அஜய் தாக்கூர் ஹிமாசலக்காரர். பின்னால் கேப்டனான சாகர் ராத்தி ஹரியானா. 2022-ல் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்த பவன் செஹ்ராவத் டெல்லிக்காரர். நல்ல ஆட்டக்காரர்கள்தான், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏலத்தில் எடுத்த அணியின் தோல்விக்கு, ஏலத்தில் எடுக்கப்படாத பையன்களைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை என்றுதான் சொல்கிறேன்.

கோப்பை வாங்கிய அணிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2014-ல் முதல் சீசனை ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் ஜெயித்தபோது பயிற்சியாளர் நம் காசிநாதன் பாஸ்கரன். அடுத்த ஆண்டு ஜெயித்த யு மும்பா அணியின் தடுப்பில் நின்றவர் ஜீவா குமார். அதே ஜீவா குமார் 2019-ல் பெங்கால் வாரியர்ஸ் ஜெயித்தபோதும், 2022 பிப்ரவரியில் தபங் டெல்லி ஜெயித்தபோதும் அந்தந்த அணியில் இருந்தார். மூன்று அணி, மூன்று கோப்பை. 2016-ல் நான்காவது சீசனை பாட்னா பைரேட்ஸ் ஜெயித்தபோது கேப்டன் தர்மராஜ் சேரலாதன். தலைவாஸில் முதல் வருடம் ஆடிய பிரபஞ்சன், இரண்டு வருடம் கழித்துப் பெங்கால் அணியோடு கோப்பையைத் தூக்கினார். ஜெய்ப்பூரின் இரண்டாவது கோப்பையில் அஜித் குமார், புனேயின் முதல் கோப்பையில் அபினேஷ் நடராஜன். ஆள் இல்லாத ஊரிலிருந்தா இத்தனை பேர் போனார்கள்? போன இடத்தில் எல்லாம் கோப்பை இருக்கிறது. இங்கேதான் இல்லை.

“மண்ணில் ஆடியவன் ‘மேட்’ விரிப்பில் ஆட மாட்டான்” என்று அடுத்த வாதம். இதில் பாதி உண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மலையடிவாரத்தில் சாயங்காலம் ஆடும் பையன்களைப் பார்த்தால் விளங்கும். சுண்ணாம்புத் தூளில் கோடு, வெறுங்கால், பாடிப் போகுமுன் ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வது. இடது கார்னரில் நிற்கும் பையன் கால் கட்டைவிரலை மண்ணில் புதைத்துத்தான் கணுக்காலுக்குப் பாய்வான். ஓடிவந்து நின்றால் மண்ணில் கால் ஒரு சாண் சறுக்கி நிற்கும். மேட்டில் அப்படியில்லை, ஷூ வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் போகும், முழங்கால் திரும்பிவிடும். இந்த வித்தியாசம் பழக ஒன்றிரண்டு வருடம் வேண்டும். பழக ஒரு மேட் வேண்டும்.

ஆனால் பழகவே முடியாது என்பது பொய். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் மண்ணில் விழுந்து எழுந்த சேரலாதன், 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் இரானை 38–29 என்று வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. ஆக, குறை காலில் இல்லை. பதின்மூன்றுக்குப் பத்து மீட்டர் விரிப்பு எத்தனை ஊருக்கு எட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹரியானாவில் பையன் பள்ளியில் படிக்கும்போதே மேட்டில் காலை வைத்துவிடுகிறான். அதற்காக அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும்.

“புரோ கபடி வந்த பிறகுதானே கபடிக்கு மரியாதை?” என்பதையும் நான் ஏற்கமாட்டேன். பணம் வந்தது உண்மை, மகிழ்ச்சி. ஆனால் 1990 பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுக்குள் கபடி நுழைந்தபோதே தங்கம் வாங்கிய அணியில் ராஜரத்தினம் இருந்தார். 1994 ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. அவர் வாழ்க்கையின் சாயலில்தான் 2025-ல் மாரி செல்வராஜ் ‘பைசன்’ எடுத்தார். அதற்கெல்லாம் முன்பே பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் டியூப் லைட் கட்டி விடிய விடிய ஆடிய ஆட்டம் இது. கபடி ஆடியே ரயில்வேயிலும் போலீஸிலும் வங்கியிலும் வேலைக்குப் போனவர்கள் உண்டு. ‘கில்லி’யிலும் ‘வெண்ணிலா கபடி குழு’விலும் கதை கபடிக்காக மதுரைக்கு வருகிறதே, அது சும்மா வந்ததா?

“பெரிய ஆளை வாங்கினால் ஜெயிக்கலாம்” என்பவர்களுக்கு ஒரே பதில், 2022. பவன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியே போய்விட்டார். அணி முடிந்தது என்றார்கள். யாரும் அறியாத நரேந்தர் என்ற பையன் ரெய்டு போனான், தடுப்பில் நம்மூர் எம். அபிஷேக் நின்றார், நடுவில் பயிற்சியாளர் வேறு மாறினார். அரையிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் உ.பி.யோடு 36–36 சமநிலை, டை பிரேக்கரில் 6–4 வெற்றி. அரையிறுதியில் புனேயிடம் 37–39. இரண்டே புள்ளி. தலைவாஸின் மிக நல்ல வருடம், விலை உயர்ந்த ஆள் இல்லாமல், வளர்த்தெடுத்த பையன்களால் வந்தது.

அமெரிக்கன் மிஷன் 1881-ல் பசுமலையில் கல்லூரி தொடங்கியது, பிறகு அது அமெரிக்கன் கல்லூரியாக வைகைக்கு வடகரைக்குப் போனது. அந்த உறவில், உள்ளூர்ப் பையனை எடுத்த அணிக்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். அங்கே புரோ கபடி மாதிரியே கூரைக்கு அடியில் நடக்கும் ஒரு முரட்டு ஆட்டம் உண்டு, அரீனா ஃபுட்பால். 1987-ல் லீக் தொடங்கியது. 50 கெஜ நீளத் தரை, பக்கத்துக்கு எட்டுப் பேர். அயோவா மாநிலத்தில் 1995-ல் பார்ன்ஸ்டார்மர்ஸ் என்று ஒரு அணி வந்தது. பெரிய அணி ஒன்று வேண்டாம் என்று அனுப்பிவிட்ட உள்ளூர்ப் பையனை எடுத்துக்கொண்டார்கள். பெயர் கர்ட் வார்னர். சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர். 1996, 1997 இரண்டு வருடமும் அந்த அணி இறுதிப் போட்டியில் தோற்றது. வார்னர் 2000 ஜனவரியில் வேறு அணிக்கு ஆடி, அமெரிக்க ஃபுட்பாலின் உச்சக் கோப்பையான சூப்பர் பௌல் வாங்கி, ஆட்டநாயகனும் ஆனார். அயோவா அணி அப்போது கோப்பை வாங்கவில்லை. ஆனால் தன் வாசலில் நின்ற பையனைப் பார்த்தது.

தலைவாஸிடம் நான் கேட்பது அதைத்தான். ஏலத்துக்கு வெளியே இளம் வீரர்களை எடுத்துக்கொள்ள லீக்கிலேயே வழி இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அந்தப் பெண் போய் ஆட புரோ கபடியில் இடம் இல்லை என்பது தனி வேதனை.

தலைவாஸ் உள்ளூரில் ஆடியதெல்லாம் சென்னையில்தான். மதுரையில் புரோ கபடி ஒருமுறைகூட நடந்ததில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து எங்கள் மலையடிவாரத்துக்கு ஒரே பஸ் தூரம்தான். போன வாரம் இடது கார்னர் பையன், கணுக்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்: “சார், தலைவாஸுக்கு ஆள் எடுக்கிறது எங்க? யார்கிட்ட போய்க் கேக்கணும்?”