மறந்துவிட்டு வருவதா?

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துத் தரும் சிறிய கடை ஒன்றில் எனக்கு வெகுநாள் பழக்கம். அங்கே வேலை பார்க்கும் தம்பி கோரல்டிராவில் கெட்டிக்காரன். மாமன், மச்சான், சித்தப்பா என்று நாற்பது பேரையும் ஒருவர் மனமும் கோணாமல் ஒரே அட்டையில் அடக்கிவிடுவான். போன வருஷம் சென்னையில் ஒரு கம்பெனிக்கு, இணையதளம் வடிவமைக்கும் வேலை கேட்டுப் போனான். "அச்சு வேலையெல்லாம் இங்கே அனுபவமாகாது. அதை மறந்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

மறந்துவிட்டு வருவதா! இந்த மேதாவிகள் கட்டும் தமிழ்த் தளங்களைப் பார்த்திருப்பீர்களே. ஆங்கிலத்துக்கு வெட்டித் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டுகிறார்கள். பொத்தானுக்குள் பாதிச் சொல். மீதி வெளியே தொங்குகிறது. மேல்வரியில் 'கூ' கீழே விடும் வால், கீழ்வரியில் 'கீ' மேலே ஏற்றும் சுழியோடு மல்லுக்கு நிற்கிறது. வரிக்கு வரி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஈயத் தகடு செருகி அச்சுக் கோத்தவருக்குத் தெரியும். தம்பியின் முதலாளி அந்தக் காலத்து மனிதர். அவரிடம் தலையில் குட்டு வாங்கி இவன் கற்ற வித்தை அது.

தமிழை இணையத்தில் ஏற்றியவர்கள் மட்டும் எங்கிருந்து வந்தார்களாம்? 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது அங்கே தமிழுக்கும் இடம் பிடித்துக் கொடுத்த நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுதியவர். ரூபாய்க் குறியை வரைந்து 2010-ல் புகழ் பெற்ற உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யில் ஆராய்ந்தது தமிழ் எழுத்தின் வடிவத்தைத்தான்.

தம்பி பேரிலும் குற்றமுண்டு, ஒளிப்பானேன்? எழுத்தைப் படமாக்கி ஒட்டிவிடுகிற கெட்ட பழக்கம் அச்சுக்காரர்களுக்கு இருக்கிறது. படத்துக்குள் சிறைப்பட்ட எழுத்தைத் தேடி எடுப்பது கஷ்டம். கண் தெரியாதவருக்குக் கணிப்பொறி வாசித்துக் காட்டுவதும் கஷ்டம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. கடைகளிலோ பழைய எழுத்துருக்களின் ராஜ்யம் இன்னும் ஓயவில்லை.

இன்னொன்று, காகிதத்தில் வைத்த பெயர் வைத்த இடத்தில் இருக்கும். திரை அப்படியல்ல, கைப்பேசியில் ஒடுங்கும், மேஜைமேல் விரியும். அங்கே இடத்தைக் குறிக்க முடியாது, விதியைத்தான் எழுதலாம். இதைத் தம்பிக்கு விளங்கவைக்க நான் ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனத்தில் இன்னாரைத் தேர்ந்தெடு என்றா இருக்கிறது? 35 வயதுக்குக் குறையாமல், 70-க்கு மேற்படாமல், கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்று விதிதானே இருக்கிறது! எவர் ஓலை வந்தாலும் சபை நடக்கும். ஓலையைப் போலவே அந்தக் கல்லிலும் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளியும் அருமை. ஓலையில் எழுதிய எழுத்தை மறந்துவிட்டு வா என்று கல்தச்சனிடம் எவரும் சொல்லவில்லை.

கடையை அடைத்த பிறகு, ராத்திரிகளில் ஆறு மாதம் படித்தான். சென்ற வாரம் ஒரு கல்யாணத்துக்குத் தளம் செய்து என் கைப்பேசியில் காட்டினான். குறுக்கே திருப்பினேன், நெடுக்கே திருப்பினேன். நாற்பது பெயரில் ஒன்றுகூட அறுந்து விழவில்லை. கையோடு அந்தக் கம்பெனியின் தளத்தையும் திறந்தோம். 'தொடர்பு கொள்ள' என்ற இடத்தில் 'கொள்ள'வைக் காணோம்.