நாளொன்றுக்கு நூறு ரூபாய்: விவசாயிகளின் நிறுவனங்களை விழுங்கும் சட்டச் சுமை

2025 பிப்ரவரி 24 அன்று பீகார் மாநிலம் பாகல்பூரில், நாட்டின் பத்தாயிரமாவது விவசாயிகள் உற்பத்தியாளர் அமைப்பைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். ககாரியா மாவட்டத்தில் பதிவான அந்த அமைப்பு மக்காச்சோளம், வாழை, நெல் ஆகியவற்றில் செயல்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் சித்ரகூடத்தில் ரூ.6,865 கோடி ஒதுக்கீட்டுடன் தொடங்கிய திட்டம் தன் இலக்கை எட்டிவிட்டதாக ஆளும் கட்சியினர் கொண்டாடினர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சட்டத்தை 2006ஆம் ஆண்டிலேயே ரத்து செய்து, விவசாயிகளை வியாபாரிகளின் கையில் ஒப்படைத்த மாநிலத்தில் இந்தக் கொண்டாட்டம் நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எத்தனை அமைப்புகள் பதிவாயின என்பதை ஒன்றிய அரசு உரக்கச் சொல்கிறது. பதிவான மறுநாள் முதல் அவற்றின் தோளில் ஏறும் சட்டச் சுமை, வரிச் சுமை பற்றி வாய் திறப்பதில்லை. இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவானவை. அதாவது, இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் விவசாயி சட்டத்தின் பார்வையில் ஒரு கம்பெனியின் இயக்குநர். அவருக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்கவில்லை. வங்கிக் கடன் கிடைக்கவில்லை. கம்பெனி இயக்குநருக்குரிய கடமைகள் மட்டும் முழுமையாகக் கிடைத்திருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் பிறப்பு

ஒய்.கே.அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, வாஜ்பாய் ஆட்சிக் காலத்தில் 2002ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத் திருத்தம் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. 2003 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அதே விதிகள் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அத்தியாயமாகச் சேர்க்கப்பட்டன.

கூட்டுறவுச் சங்கங்களில் அரசு அதிகாரிகளும் ஆளும் கட்சிப் பிரமுகர்களும் செலுத்திய ஆதிக்கம் அன்று இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் குறை உண்மையானது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை வைத்தே சங்கங்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டிய மாநில அரசுகளை எதிர்த்து நாமும் போராடியிருக்கிறோம். ஆனால் அந்த நோய்க்குச் சங்க ஜனநாயகமே மருந்து. நவதாராளமயத்தின் மருத்துவர்களோ நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். சிகிச்சைக் கட்டணத்தையும் நோயாளியின் தலையிலேயே கட்டினார்கள்.

சட்டம் கேட்பவை

ஆண்டுக்குக் குறைந்தது நான்கு இயக்குநர் குழுக் கூட்டங்கள், மூன்று மாதங்களுக்கு ஒன்றாவது நடக்க வேண்டும். முழுநேர தலைமைச் செயல் அலுவலர் கட்டாயம். வரவு செலவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பட்டயக் கணக்காளரின் தணிக்கை கட்டாயம். அதற்கு மேல் உள் தணிக்கையும் கட்டாயம். ஆண்டுப் பொதுக்குழு முடிந்த பின் நிதிநிலை அறிக்கைக்கு ஏஓசி-4, ஆண்டு விவரத்துக்கு எம்ஜிடி-7 எனத் தனித்தனிப் படிவங்கள். பொதுக்குழு நடவடிக்கைகளை 60 நாட்களுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இயக்குநர்களின் அடையாள விவரங்களைப் புதுப்பிக்க 2018இல் புகுத்தப்பட்ட விதி தனி. தவறினால் தலைக்கு ரூ.5,000.

இவை கம்பெனிச் சட்டத்தின் பங்கு மட்டுமே. வருமான வரிக் கணக்கு, டிடிஎஸ், ஜிஎஸ்டி படிவங்கள் ஆகியவை அடுத்த வரிசையில் நிற்கின்றன. உரம், விதை, பூச்சிமருந்து விற்க வேளாண் துறையிடம் உரிமங்கள், உணவுப் பொருள் தயாரிக்க உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று பட்டியல் நீள்கிறது. 2022 ஜூலை 18 முதல் சிப்பமிட்டு முத்திரையிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. விளைபொருளுக்கு மதிப்புக் கூட்டுங்கள் என்று விவசாயிக்கு உபதேசம் செய்த அரசு, அவர் பருப்பை ஒரு கிலோ பையில் அடைத்து விற்கத் தொடங்கியதும் வரி கேட்டு வாசலில் நிற்கிறது.

அனைவருக்கும் சமமான அபராதம்

ஏஓசி-4, எம்ஜிடி-7 படிவங்களைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம் என்று 2018 ஜூலை முதல் விதிக்கப்பட்டது. இதற்கு உச்சவரம்பு இல்லை. அதானி குழும நிறுவனத்துக்கும் ககாரியா விவசாயிகளின் நிறுவனத்துக்கும் ஒரே கட்டணம். மூலதனத்தின் ஆட்சியில் இப்படிப்பட்ட இடங்களில்தான் சமத்துவத்தைக் காண முடிகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சமவெளிப் பகுதியில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும் என்பது ஒன்றிய அரசுத் திட்டத்தின் நிபந்தனை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்குத் தொகை என்று கொண்டால் மொத்த மூலதனம் 3 லட்சம் ரூபாய். இரண்டு படிவங்களும் ஓராண்டு தாமதமானால் கூடுதல் கட்டணம் ரூ.73,000. மூன்று ஆண்டுகளின் படிவங்கள் முறையே மூன்று, இரண்டு, ஒரு ஆண்டு தாமதத்துடன் தாக்கலானால் அது ரூ.4,38,000. முந்நூறு குடும்பங்கள் சேர்த்த மூலதனம் முழுவதையும் விழுங்கிய பிறகும் அரசுக்கு ரூ.1,38,000 பாக்கி நிற்கும். இத்தனைக்கும் அந்த நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை. படிவம் அனுப்பவில்லை, அவ்வளவே.

தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டு காலத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் ஷெல் கம்பெனி வேட்டை என்ற பெயரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபோது, கறுப்புப் பணத்தை அடையாளம் காணும் அளவுகோலாக அரசு வைத்திருந்தது படிவம் தாக்கல் செய்யப்படாததைத்தான். கோடிகளைச் சுருட்டுபவருக்குப் படிவம் நிரப்ப ஆள் இருக்கிறது. விவசாயிக்குத்தான் இல்லை.

உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு அபராதத்தில் பாதியைக் குறைத்திருக்கிறோமே என்று அரசுத் தரப்பு வாதிடக்கூடும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிச் செய்தது உண்மை. ஆனால் அந்தச் சலுகை சட்டம் ‘அபராதம்’ என்று பெயரிட்டவற்றுக்கு மட்டுமே. நாளொன்றுக்கு நூறு ரூபாய்க்குச் சட்டம் இட்ட பெயர் ‘கூடுதல் கட்டணம்’. பெயர் வேறு என்பதால் சலுகை அதை எட்டுவதில்லை. கொரோனா காலத்தில் 2020இல் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய அரசால் முடிந்தது என்றால், விவசாயிகளின் நிறுவனங்களுக்கு நிரந்தரமாக நீக்கவும் முடியும்.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த வரிச்சலுகை

2018ஆம் ஆண்டு பட்ஜெட்டில், 100 கோடி ரூபாய்க்குக் குறைவாக வணிகம் செய்யும் உற்பத்தியாளர் நிறுவனங்களின் லாபத்துக்கு நூறு சதவீத விலக்கு என்று அருண் ஜெட்லி அறிவித்தார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80பிஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த நூறு சதவீதத்தின் உண்மை நிலை என்ன?

முதலாவதாக, விலக்குப் பெற்ற நிறுவனமும் கணக்கேட்டு லாபத்தின் மீது குறைந்தபட்ச மாற்று வரி கட்ட வேண்டியிருந்தது. 2019-20 முதல் அதன் விகிதம் 15 சதவீதமாக இருந்தது. அதிலிருந்து தப்ப 22 சதவீத வரித் திட்டத்துக்கு மாறினால் 80பிஏ விலக்கையே கைவிட வேண்டும். இரண்டாவதாக, வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் விலக்கு முழுவதும் பறிபோகும். மூன்றாவதாக, 2018-19 முதல் 2023-24 நிதியாண்டு வரை என்று சட்டத்திலேயே அதற்குக் கெடு வைக்கப்பட்டது. பத்தாயிரம் அமைப்புகள் திட்டம் 2020இல்தான் தொடங்கியது. கடைசியாகப் பதிவானவை பிறக்கும் முன்பே இந்தக் கெடு முடிந்துவிட்டது.

உறுப்பினர்களின் விளைபொருளைச் சந்தைப்படுத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ 80பி பிரிவின்படி கெடு இல்லாத விலக்கு இருந்தது; மாற்று வரியும் அந்த விலக்கைத் தொடவில்லை. அதே விவசாயி, அதே நெல், அதே சந்தை. பெயர்ப்பலகையில் ‘கம்பெனி’ என்று எழுதியதற்காக வரி கூடியது. இதே அரசுதான் 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரி விகிதத்தை 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருவாய் கைவிடப்படும் என்று நிதியமைச்சரே அறிவித்தார்.

யாருக்கு ஆதாயம்?

அமைப்புகளை உருவாக்கி வளர்த்தெடுக்கும் முகமைகளுக்கு, ஓர் அமைப்புக்கு ஐந்தாண்டுகளில் ரூ.25 லட்சம் வரை வழங்கத் திட்ட வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அமைப்பின் நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் கிடைப்பது ரூ.18 லட்சம் வரை. விவசாயிகளின் அமைப்பைவிட அதற்கு வழிகாட்டுபவருக்கு அதிகம்! மூன்றாண்டு முடிந்ததும் தலைமைச் செயல் அலுவலர் சம்பளம், கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம் ஆகிய அனைத்தும் விவசாயிகளின் தலையில் விழும். கடன்பட்டு நிற்கும் அந்த நேரத்தில் கதவைத் தட்டப்போவது யார்? கொள்முதலுக்கு ஆயத்தமான விவசாயிகளைத் தேடும் வேளாண் வணிகக் கம்பெனிகளே. 2020இன் ஒப்பந்த விவசாயச் சட்டம் ‘விவசாயி’ என்ற சொல்லின் வரையறைக்குள் உற்பத்தியாளர் அமைப்பையும் சேர்த்தது தற்செயலா? தில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேல் நடந்த வீரஞ்செறிந்த போராட்டம் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது. முன்வாசலில் தோற்ற கார்ப்பரேட் மூலதனம் இப்போது பின்வாசலில் காத்திருக்கிறது.

நமது கடமை

இங்கே நமது அணிகளிடம் நிலவும் ஒரு மனப்போக்கையும் சொல்லியாக வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனங்கள் நவதாராளமயத்தின் உருவாக்கம், எனவே அவற்றின் கணக்கும் தணிக்கையும் நமது வேலை அல்ல என்று சில தோழர்கள் கருதுகிறார்கள். இது தவறு. அங்கே முடங்கிக் கிடப்பது ஏழை, நடுத்தர விவசாயிகளின் பணம். கணக்கு கேட்பது முதலாளித்துவச் சடங்கும் அல்ல. படிவங்களின் சுமையை எதிர்க்கும் நாம், உறுப்பினர்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமையை எதிர்க்கவில்லை. அதை மேலும் கறாராக்கவே கோருகிறோம்.

சட்டத்திலேயே நமக்குப் பயன்படும் இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. தனிநபர்கள் உறுப்பினர்களாக உள்ள நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பொதுக்குழுவுக்கு உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்தாக வேண்டும். லட்சக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள பெரும் கம்பெனியின் பொதுக்குழுவுக்கு 30 பேர் வந்தால் போதும். ஆயிரம் விவசாயிகள் உள்ள நிறுவனத்துக்கு 250 பேர் வர வேண்டும். பணக்கார விவசாயிகளும் உள்ளூர் வியாபாரிகளும் முகமையின் ஊழியரும் சேர்ந்து கையெழுத்துகளை வாங்கிப் பொதுக்குழுவைக் காகிதத்திலேயே முடித்துவிடும் இடங்களில், அந்த 250 பேரை நேரில் அமர வைப்பதே ஒரு ஜனநாயகப் போராட்டம். இருப்புநிலைக் குறிப்பை உள்ளூர் மொழியில் உரக்க வாசிக்கச் செய்வோம். கொள்முதல் விலை, தரகு, ஆலோசனைக் கட்டணம் ஆகியவற்றைக் கேள்வி கேட்போம்.

கூடவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளை விவசாய இயக்கத்தின் மேடைக்குக் கொண்டு செல்ல வேண்டும்:

• சிறு, குறு விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணத்தை முற்றிலும் நீக்கு. ஏற்கெனவே விதித்ததைத் தள்ளுபடி செய்.

• கம்பெனிச் சட்டப் படிவங்கள் அனைத்தையும் ஒரே ஆண்டுப் படிவமாக்கு. மாநில மொழிகளில் தாக்கல் செய்ய வகை செய்.

• கூட்டுறவுச் சங்கங்களுக்கு இணையான, காலவரம்பற்ற வருமான வரி விலக்கு வழங்கு. மாற்று வரியிலிருந்தும் விடுவி.

• மாவட்டந்தோறும் அரசுச் செலவில் தணிக்கை, சட்ட உதவி மையம் அமை.

• விரும்பும் நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் கொண்ட கூட்டுறவுச் சங்கமாக மாற எளிய வழி செய்.

இவை கிடைத்தாலும் போதாது. உற்பத்திச் செலவுடன் ஐம்பது சதவீதம் சேர்த்த ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் இல்லாதவரை, எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் திரண்டாலும் விவசாயி நட்டத்தையே பங்கிட்டுக்கொள்வார். அந்தப் போராட்டம் தொடரும்போதே, இன்று கையில் இருக்கும் அமைப்பை அபராதத்துக்கும் கார்ப்பரேட்டுக்கும் பறிகொடுக்காமல் காப்பது நமது உடனடிக் கடமை. நமது பகுதியில் எத்தனை உற்பத்தியாளர் நிறுவனங்கள் உள்ளன, எவற்றின் படிவங்கள் நிலுவையில் உள்ளன என்ற பட்டியலை ஒவ்வொரு கிளையும் வரும் பொதுக்குழுக் காலத்துக்கு முன்பே தயாரித்தாக வேண்டும். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.