ஒழுகும் கார்புரேட்டரும் ஒட்டுப்போடும் மேதைகளும்

கொஞ்ச நாளாகவே எழுத வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்த விஷயம். படித்துவிட்டு நாலு பேர் திட்டத்தான் போகிறீர்கள். பரவாயில்லை, திட்டுங்கள்.

பழைய காரில் கார்புரேட்டர் ஒழுகினால் நம்மூரில் மூன்று வைத்தியம்தான். சோப்பை அப்புவது ஒன்று. மூடியைக் கழற்றி, ஓரமெல்லாம் பேஸ்டைப் பிதுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்குவது இன்னொன்று. இரண்டும் பலிக்காவிட்டால், "இது தேறாது தம்பி, புதுசு போட்டுடலாம்". மூன்றுமே தப்பு என்கிறேன். கழற்று, பிரி, தேய்ந்ததை மட்டும் மாற்று, அளவு பார்த்துப் பூட்டு. இதைச் சொல்ல எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் மேலே படிக்கவும்.

எங்கள் வீட்டில் இருப்பது 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4. வகுப்பில் பாதிப் பேர் அதில் ஏறியிருக்கிறீர்கள் (ஏறிவிட்டு டீசல் போடக்கூடக் காசு தரவில்லை என்று சொல்ல வந்தேன், அது பெட்ரோல் வண்டி). 1489 சிசி எஞ்சின், பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காலத்துச் சொத்து. இந்த எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கம்தான். கார்புரேட்டர் மேலே உட்கார்ந்திருக்கும். அதன் காலடியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், தோசைக்கல்லை விடப் பல மடங்கு சூட்டில். மேலே ஒழுகுகிற சொட்டு எங்கே போய் விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் மேலூர் ரோட்டில் சிக்னலில் நிற்கிறோம். குப்பென்று பெட்ரோல் வாடை. பானெட் இடுக்கில் இருந்து வெள்ளையாக ஆவி. பின்சீட்டில் அப்பத்தா. முட்டி மடங்காது, இறங்கு என்றால் சட்டென்று இறங்க முடியாதவர். எஞ்சினை அணைத்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து இறக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நல்லவேளை, பற்றவில்லை. இது நடந்தது, ஒரு பட்டறையில் பேஸ்ட் போட்டு "இனிமே ஒரு சொட்டு வராது" என்று சத்தியம் பண்ணி அனுப்பிய எட்டாவது நாள்.

அந்தப் பேஸ்டுக்கு என்ன ஆனது என்று பிற்பாடு பிரித்தபோதுதான் தெரிந்தது. பெட்ரோல் பட்டு ஊறி, நூல் நூலாகப் பிரிந்து, ஒரு துணுக்கு மெயின் ஜெட் வாயில் உட்கார்ந்திருந்தது. வெளியே ஒழுகுவதும் நிற்கவில்லை, உள்ளே போக வேண்டியதும் போகவில்லை!

எதிர்வீட்டு டிரைவர் தாத்தா அரசு ஜீப்பும் அம்பாசடரும் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஒழுகுதுன்னு பாத்தியாப்பா?" நான் எங்கே ஒழுகுகிறது என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் பொங்கினால், பம்ப் தள்ளுகிற பெட்ரோலை நீடில் வால்வு நிறுத்தவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போதும் பக்கவாட்டில் சொட்டினால் ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயஃப்ராம் கிழிந்திருக்கலாம். மூடி ஓரம் ஈரமாக இருந்தால் கேஸ்கெட், அல்லது மூடியே வளைந்திருக்கும். இதில் எது என்று பார்க்காமல் பேஸ்டை எடுப்பவரை மெக்கானிக் என்று எப்படிச் சொல்வது? வயிற்றுவலி என்றதும் வாயில் பிளாஸ்திரி ஒட்டுகிற டாக்டர் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வாசல் திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்து (சின்ன ஸ்ப்ரிங் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தாத்தா சொன்ன வழி) எங்கள் சோலெக்ஸைப் பிரித்தோம். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று தெருவுக்கே ஊரடங்கு.

மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டினோம். உள்ளே தளும்பினால் ஓட்டை என்று அர்த்தம். தளும்பவில்லை. சந்தேகத்துக்கு, அடுப்பை அணைத்துவிட்டு எடுத்து வந்த சுடுதண்ணீரில் முக்கினோம்; ஒரு குமிழிகூட வரவில்லை. மிதவை நல்ல பிள்ளை. நீடிலின் கூர்முனையில் நகத்தால் தடவினால் ஒரு வளையம் தட்டுப்பட்டது. அத்தனை வருடம் இருக்கையில் தட்டித் தட்டி விழுந்த பள்ளம். அந்தப் பள்ளம் வழியாகப் பெட்ரோல் சும்மா போய்க்கொண்டே இருக்கும். அதைவிட வேடிக்கை, வால்வுக்கு அடியில் இருந்த வாஷர். சோலெக்ஸில் அந்த வாஷரின் கனம்தான் தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாஷர் மெலிந்தால் வால்வு மேலே ஏறிவிடும், மிதவையும் அதிகம் எழும்பினால்தான் அடைக்கும், மட்டம் கூடிவிடும். எங்கள் வண்டியில் எவரோ ஒரு மகானுபாவர் கையில் கிடைத்த மெல்லிய வாஷரைப் போட்டிருந்தார். பார்க்க ஒன்றுமே இல்லாத சமாச்சாரம். அப்பத்தாவை நடுரோட்டில் இறக்கியதில் அதற்கும் பங்கு உண்டு.

மூடியைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்தால் ஸ்க்ரூ போடுகிற மூலைகள் மட்டும் தொட்டுக்கொண்டு, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கார்புரேட்டரை வார்ப்பது துத்தநாகக் கலவையில். இரும்பு போல முறுக்கினால் மூலை வளைந்துவிடும். ஒழுகுகிறது என்று முறுக்க, முறுக்கியதால் வளைய, வளைந்ததால் இன்னும் ஒழுக, மறுபடி முறுக்க. இதில் நானும் குற்றவாளிதான், முதல் வாரம் நானே ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு சுற்று முறுக்கியவன். கண்ணாடி மேல் நைஸ் எமரித் தாளை வைத்து, மூடியை எட்டு போட்டுத் தேய்த்து மட்டமாக்க ஒரு மணி நேரம் ஆனது. செலவு, தாள் விலை.

ஜெட் பற்றி ஒரு வார்த்தை. அதன் தலையில் 120 என்று இருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் துளைத்ததை, சுத்தம் செய்கிறேன் என்று எஃகுக் கம்பியை விட்டுக் குடைகிறார்கள். அப்புறம் "வண்டி பெட்ரோல் குடிக்குது சார்" என்று வண்டியைக் குறை சொல்கிறார்கள். காற்றால் ஊதினால் போதும் ஐயா.

இப்போது "புதுசு போடு" கட்சிக்கு வருகிறேன். அம்பாசடர் தயாரித்த உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் மூடப்பட்டது. பிறகு எங்கிருந்து வருகிறது உங்கள் புதுசு? எனக்குக் கடையில் காட்டிய டப்பா கார்புரேட்டரின் மூடியும் கண்ணாடி மேல் ஆடத்தான் செய்தது. வளைந்ததைக் கழற்றிவிட்டுக் காசு கொடுத்து இன்னொரு வளைந்ததை மாட்டச் சொல்கிறார்கள். இன்னும் சிலர், பம்ப் வீக்கு என்று இஞ்செக்ஷன் காரின் எலக்ட்ரிக் பம்பை மாட்டிவிடுகிறார்கள். அது தள்ளுவது 3 பார் அழுத்தம். கார்புரேட்டருக்குத் தேவை கால் பார் அளவுதான். எந்த நீடில் தாங்கும்?

பெட்ரோல் பங்கையும் விடுவதாக இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025இல் நாடு முழுக்க 20 சதவீத இலக்கை எட்டியாயிற்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை உப்பவோ விறைக்கவோ வைக்கும். எங்கள் தொட்டி அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, டயஃப்ராம் அப்பளம் மாதிரி. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு கம்மிதான் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. செலவு கம்மிதான், ஒத்துக்கொள்கிறேன். எத்தனால் தாங்குகிற ரப்பரில் அந்த டயஃப்ராம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவராவது சொன்னால் தேவலை. நான் மூன்று ரிப்பேர் கிட் வாங்கி, இரண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூன்றாவதை மாட்டியிருக்கிறேன். தாங்குமா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கப்போகிறேன்.

"காயலான் கடையில் போடேன், புகை கக்குது" என்று வகுப்பில் சொல்கிற பசுமைத் தோழர்களுக்கு: நியாயம்தான், புது வண்டியை விட அதிகம் கக்கும். மட்டம் சரியில்லாத கார்புரேட்டரோடு இன்னும் பல மடங்கு கக்கும். மாதத்துக்கு நாலு தடவை வெளியே வருகிற வண்டி அது. அப்பத்தா முட்டி மடக்காமல் ஏறி உட்கார முடிகிற உயரத்தில் இருக்கிற ஒரே சீட்டும் அதில்தான். அதேபோல, பாடிக்கு மூன்று கோட் பெயின்ட் அடித்து, குரோமியத்தைப் பளபளவென்று தேய்த்து, ஊர்வலம் விடுகிற பழங்கார் பிரியர்களே, உங்கள் பானெட்டைத் திறந்து காட்டுங்கள் பார்ப்போம். சோப்பு வாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் ஓட்டியாயிற்று. மேனிஃபோல்ட் மேல் பழைய செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. த்ராட்டில் ஷாஃப்ட் மட்டும் இன்னும் லொடலொட என்று ஆடுகிறது, அந்த இடுக்கில் காற்று இழுப்பதால் ஐட்லிங் நிற்கவில்லை. புஷ் கடைந்து போட வேண்டும். லேத்துக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பேஸ்ட் போட்டால் சரியாகிவிடும் என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.