பூவரசும் அதன் இலத்தீன் அடைமொழியும்

பூவரசினைத் தாவர நூலார் 'தெஸ்பேசியா பாப்புல்னியா' என வழங்குவர். இப்பெயரை உருப்போட்டு ஒப்பிக்கும் மாணவர் பலர். பொருளுணர்ந்து உரைப்பவர் மிகச் சிலர். பொருளறியாப் பெயர் நெஞ்சில் நில்லாது; நிற்பினும் பயனின்று. சொல்லைப் பகுத்துக் காணும் பயிற்சி தாவர நூல் கற்பார்க்கு இன்றியமையாதது என்பதும், அதற்குத் தமிழிலக்கணம் தக்க துணையாம் என்பதும் எம் கருத்து.

அடைமொழியாகிய இரண்டாஞ் சொல்லைப் பகுப்போம். பாப்லார் என்னும் மேனாட்டு மரத்தைக் குறிக்கும் 'போப்புலுஸ்' என்பதிற் பிறந்த 'போப்புல்' பகுதி. 'அதனைச் சார்ந்தது' என்னும் பொருள்பட வரும் 'நெ' இடைநிலை. 'அ' பெண்பால் விகுதி. பூவரசின் இலை பாப்லார் இலையை ஒத்ததென்பதே இவ்வடைமொழியின் கருத்து. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இம்மரத்தை 'ஹிபிஸ்கஸ்' என்னும் ஆண்பாற் பெயரின்கீழ் வைத்தபோது, அடைமொழி 'பாப்புல்னியஸ்' என நின்றது. பின்னர்த் 'தெஸ்பேசியா' என்னும் பெண்பாற் பெயரொடு சேர்ந்து 'பாப்புல்னியா' ஆயிற்று. நல்லன், நல்லள் என விகுதியாற் பாலுணரும் தமிழ் மாணவர்க்கு இது புதுமையன்று.

இனி ஒலிப்புமுறை காண்போம். உயிர் நான்காதலின், 'போப்-புல்-நெ-அ' என இச்சொல் நான்கு கூறாகும். ஈற்றயல் குறிலாய் நிற்றலின், அழுத்தம் அதற்கு முன்னுள்ள 'புல்' என்பதன்மேல் விழும். முதலுயிர் நெடிலாதல் வேண்டும். அதனைக் குறிலாக்கிப் 'பொப்புலுஸ்' என்னின், மரம் மறைந்து 'மக்கள்' என்னும் பொருள் தோன்றும். உரோம எழுத்து இவ்விரண்டையும் ஒருபடித்தாகவே எழுதும். தமிழெழுத்தோ ஒகர ஓகாரங்களை வேறுபடுத்திக் காட்டும். அவற்றிற்கு இன்றுள்ள வேறுபட்ட வடிவங்களை அமைத்தவர், இலத்தீனிலே தமிழிலக்கணம் வகுத்த வீரமாமுனிவரே என்பது நினைந்து மகிழத்தக்கது.

அயன்மொழி ஒலிகளைத் தமிழெழுத்தாற் குறித்தல் அரிதென்பாரும் உளர். அது மெய்யே, உயிரிடை நின்ற தனிப் பகரம் மெலிந்தொலிக்குமாதலின், ஈண்டும் பகரவொற்று மிகுத்தெழுத நேர்ந்தது. எனினும், சிறு குறைக்கஞ்சிப் பெரும்பயனை இழத்தல் அறிவுடைமையன்று. கல்லூரித் தோட்டத்து மரந்தோறும் தொங்கும் பெயர்ப் பலகையில், இலத்தீன் பெயரின் பகுப்பும் பொருளும் தமிழில் எழுதப்பெறுதல் வேண்டும். தமிழ் மாணவரும் தாவர நூல் மாணவரும் கூடியமர்ந்து செய்தற்குரிய பணி இது.

நம் பூவரசு ஆங்கிலேயர் நாவிற் 'போர்ஷியா' எனத் திரிந்தமை கண்டு நகைக்கின்றோம். பிறர் சொல்லை நாம் பொருளறியாது சிதைத்தல் மட்டும் முறையாகுமோ?