ஆலயத்து பைல்களுக்கு எத்தனை வாசல் வைக்கலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. குறிப்பா ஆலயச் செயலாளர்களும், அவங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் இளைஞர்களும் பொறுமையா படிங்க.

நம்ம மலேசியாவில் பல ஆலய நிர்வாகங்கள் காகிதங்களை ஸ்கேன் பண்ணி ஏத்த ஆரம்பிச்சிருக்கு. நல்லதுதான். ஆனா ஏத்தினதை எப்படித் தேடி எடுக்கிறதுன்னு யாரும் உட்கார்ந்து யோசிக்கிறதில்லை. எது எங்கே இருக்குன்னு செயலாளர் ஒருத்தருக்குத்தான் தெரியும். நிர்வாகம் மாறினா அந்த ஞாபகமும் அவரோட போயிடுது. போல்டருக்குள் போல்டர் போடுறதைக் குறைச்சிட்டு, ‘வியூ’ அமைக்கிறதுல நேரம் செலவழிக்கணும்னு நாங்க சொல்றோம்.

தைப்பூச ஊர்வலத்துக்குப் போலீஸ் கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்துக்குங்க. அதை ‘தைப்பூசம்’ போல்டர்ல வைக்கணுமா, ‘2024’லயா, ‘போலீஸ்’லயா? மூணும் சரிதான். அதனாலதான் மூணு பேர் மூணு இடத்துல காப்பி வைக்கிறாங்க. ஷேர்பாயிண்ட் மாதிரி ஆவண மேலாண்மை அமைப்புல பைல் ஒரே இடத்துல இருந்தா போதும். அதோட ஆவண வகை, ஆண்டு, விழா, காலாவதி தேதின்னு நாலு தகவலைச் சேர்த்துடணும். அந்தத் தகவலை வச்சு வடிகட்டி, வரிசைப்படுத்தி, தொகுத்துக் காட்டுறதுதான் வியூ. கிழக்கு வாசலா வந்தாலும் தெற்கு வாசலா வந்தாலும் உள்ளே மூலவர் ஒருத்தர்தானே, அது மாதிரி.

எத்தனை வியூ வேணும்? நிர்வாகத்துல என்னென்ன கேள்வி வருதோ அத்தனை. எங்க கணக்குல நாலோ அஞ்சோ போதும்.

முதல்ல காலாவதி வியூ. குருக்களோட வேலை பெர்மிட், காப்புறுதி, தீயணைப்புக் கருவி சோதனை எல்லாம் இதுல வரணும். காலாவதி தேதி ‘இன்று கூட்டல் 90’ஐத் தாண்டாததை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டி வச்சா, பட்டியல் தினமும் தானா நகரும். ஆனா முடிஞ்சுபோன பழைய பெர்மிட்டும் அதே வடிகட்டியில் வந்து நிற்கும். அதனால ‘நடப்பு’, ‘பழையது’ன்னு இன்னொரு தகவலும் வச்சு, நடப்பை மட்டும் காட்டச் சொல்லணும்.

அடுத்தது சங்கப் பதிவுக்கான வியூ. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பொதுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களை அனுப்பியாகணும். கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, பொறுப்பாளர் பட்டியல் மூணையும் ஆண்டுவாரியா தொகுத்து வச்சா, எந்த ஆண்டுல எது இல்லைன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும்.

மூணாவதைத்தான் நாங்க ரொம்ப முக்கியமா நினைக்கிறோம்: நிலம். நம்ம ஆலயங்கள் நிறைய தோட்டத்துல லயத்து மக்கள் கட்டினது. தோட்டம் கைமாறும்போதும் மேம்பாடு வரும்போதும், இந்தக் கோயில் எப்போ இருந்து இங்கே இருக்குன்னு கேட்பாங்க. தோட்ட நிர்வாகத்தோட பழைய கடிதம், கிரான் இருந்தா கிரான், நில வரி ரசீது, பழைய திருவிழாப் படம் எல்லாத்தையும் பழையது முதல்ல வர்ற மாதிரி ஒரே வியூவில் அடுக்கி வைங்க. கேட்ட அன்னைக்கு அலமாரியைக் கவிழ்த்துத் தேட முடியாது.

கும்பாபிஷேகம் 12 வருஷத்துக்கு ஒருமுறை. போன தடவை ஸ்தபதியோட போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்கணும்னா, அப்போ இருந்த நிர்வாகத்துல இப்போ எத்தனை பேர் இருப்பாங்க? அதுக்கும் ஒரு வியூ.

“தேடல் பெட்டி இருக்கே, வியூ எதுக்கு?”ன்னு கேட்பவங்க உண்டு. என்ன தேடணும்னு தெரிஞ்சவருக்குத்தான் தேடல் உதவும். புதுசா வந்த செயலாளருக்கு அப்படி ஒரு கடிதம் இருக்கிறதே தெரியாது. பழைய கையெழுத்துக் கடிதம் வெறும் படமா ஸ்கேன் ஆகியிருந்தா, உள்ளே இருக்கிற சொல்லைத் தேடல் பிடிக்கும்னு நம்பவும் முடியாது.

விழா பேரை அவங்கவங்க டைப் பண்ண விடாதீங்க. தைப்பூசத்தை ஒருத்தர் தமிழ்ல போடுவார், ஒருத்தர் ஆங்கிலத்துல, இன்னொருத்தர் நடுவுல ஒரு எழுத்தை விட்டுட்டு. ஒரே விழா மூணு விழாவா பிரிஞ்சு நிற்கும். பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வைங்க. பட்டியலை மாத்துற உரிமை ஒருத்தர்கிட்டயோ ரெண்டு பேர்கிட்டயோ இருக்கட்டும்.

தொண்டர் ஆளுக்கொரு வியூ போட்டு எல்லாருக்கும் தெரியும்படி வைக்கிறதும் வேண்டாம். சொந்த வசதிக்குன்னா சொந்த வியூவா சேமிக்கலாம், மத்தவங்க கண்ணுல படாது. திறந்த உடனே வர்ற வியூ எளிமையா இருக்கணும். நம்ம மூத்த பொருளாளர் ஐயா கைப்பேசியில திறந்தாலும் புரியணும்.

ஒரு எச்சரிக்கை. வியூவில் காட்டாமல் விட்டா பைல் பூட்டப்பட்டதா அர்த்தம் இல்லை. உரிமை உள்ளவர் தேடினா வந்துடும். குருக்களோட கடப்பிதழ் நகல், சம்பள விவரம், உபயக்காரர் முகவரி இதெல்லாம் தனி நூலகத்துல, தனி அனுமதியோட இருக்கணும். இதை அலட்சியம் பண்றவங்களை நாங்க நிறைய பார்க்கிறோம். சொன்னா “நம்ம ஆளுங்கதானே”ம்பாங்க.

கணக்கை ஆலயத்தோட மின்னஞ்சல்ல திறங்க. தனி ஆள் பேர்ல வேண்டாம். ஸ்கேன் பண்ணியாச்சுன்னு மூல கிரானைக் கண்ட இடத்துல போட்டுடாதீங்க. உங்க ஆலயத்துல எப்படி வகைப்படுத்தியிருக்கீங்கன்னு கீழே எழுதுங்க. இன்னும் தொடங்கலைன்னா, அடுத்த நிர்வாகக் கூட்டத்துல முதல்ல நிலத்து ஆவணங்களை மட்டும் எடுத்துக்குங்க.