பரீட்சைக்கு வருகிறீர்களா?

சரித்திரம் என்றால் சிறுவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. பரீட்சை என்றால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது. இவ்விரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்து இந்த வாரம் நேயர்களுக்குப் பரிமாறத் துணிந்திருக்கிறோம். பயப்பட வேண்டாம். விடைத்தாள் கிடையாது, மார்க்குப் போடுகிறவரும் தாங்களே. இரவுச் சாப்பாடு முடிந்து வீட்டார் எல்லாரும் கூடத்தில் கூடியிருக்கும் வேளையில், ஒருவர் கேள்வியைப் படிக்க மற்றவர்கள் விடை சொல்லலாம். பாடம், அமெரிக்க சரித்திரம்.

"அமெரிக்க சரித்திரம் நமக்கு எதற்கு?" என்று பாட்டி கேட்கக் கூடும். பேரனோ பேத்தியோ அந்தத் தேசத்தில் குடியேறியிருந்தால் கேட்க மாட்டாள். அங்கே பிரஜா உரிமை கோருகிறவர்கள் அந்நாட்டுச் சரித்திரத்திலும் அரசியல் அமைப்பிலும் பரீட்சை கொடுத்தாக வேண்டும். 2008-ஆம் வருஷத்து ஏற்பாட்டின்படி 100 கேள்விகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்து விடுவார்கள்; அதிகாரி அவற்றில் 10 வரை வாய்மொழியாகக் கேட்பார்; 6-க்குச் சரியான விடை வந்தால் தேறினதாக அர்த்தம். 2025 அக்டோபரில் இது போதாதென்று, கேள்விகளை 128 ஆக்கி, அவற்றுள் 20 கேட்டு 12-க்குச் சரியாக விடை வர வேண்டும் என்று விதித்தார்கள். நாமும் நம் வீட்டாருமாக ஒரு நாள் மாலை அந்தப் பழைய நூறு கேள்விகளில் பத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தோம். உபாத்தியாயருக்கு 8, உபாத்தியாயரின் மனைவிக்கு 9. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

முதல் கேள்வி. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரிட்டனை விட்டுப் பிரிவதென்று தீர்மானித்த நாள் எது?

"ஜூலை 4" என்று கூடத்தில் எல்லாரும் ஏககாலத்தில் கூவியிருப்பீர்கள். நாமும் பல வருஷங்கள் அப்படியே போதித்து வந்தோம். ஒரு தடவை இதே கேள்வியைப் பரீட்சையில் கேட்டிருந்தபோது, ஒரு பையன் "1776 ஜூலை 2" என்று எழுதியிருந்தான். சிவப்பு மசியால் அதைக் குறுக்கே அடித்துப் பூஜ்யம் போட்டோம். அவன் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து ஏதோ சொல்ல வாய் திறந்தான். "பாட புஸ்தகத்தைப் பார்" என்று சொல்லி அனுப்பி விட்டோம். பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் மகாசபை, பிரிவினைத் தீர்மானத்தை நிறைவேற்றியது ஜூலை 2-ஆம் தேதிதான். பன்னிரண்டு நாடுகள் ஆதரித்தன. நியூயார்க் ஓட்டுக் கொடாமல் ஒதுங்கி நின்றது. அதற்குக் காரணங்கூறும் பிரகடனத்தின் வாசகத்தை ஒப்புக்கொண்டது ஜூலை 4. கையெழுத்துகளில் பெரும்பாலானவை விழுந்ததோ ஆகஸ்டு 2-இல். ஜான் ஆடம்ஸ் மறுநாளே தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஜூலை 2-ஐத்தான் பிற்காலத்தார் பெருவிழாவாகக் கொண்டாடுவார்கள் என்று ஜோஸியம் சொன்னார். ஜோஸியம் இரண்டு நாள் பிசகிப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவரும், பிரகடனத்தை வரைந்த ஜெப்பர்ஸனும், சரியாக ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1826 ஜூலை 4-ஆம் தேதி ஒரே நாளில் காலமானார்கள்.

இதையெல்லாம் நாம் தெரிந்துகொண்டபோது அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது. ஒரு மார்க்கு இன்னும் கடனாக நிற்கிறது.

இரண்டாவது கேள்வி. 1773 டிஸம்பர் 16-ஆம் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தார்களே, தேயிலையின் விலை உயர்ந்து விட்டதாலா?

இல்லவே இல்லை. விலை குறைந்திருந்தது. எறியப்பட்ட 342 பெட்டிகளும் நமக்கு நன்கு பரிச்சயமான கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. (தேயிலை சீனத்துத் தேயிலை, அஸ்ஸாம் தோட்டங்கள் அப்போது ஏது?) கம்பெனி அந்தச் சமயத்தில் கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தது. அதன் ஆட்சிக்குட்பட்ட வங்காளத்தில் 1770-இல் கொடிய பஞ்சம். லண்டன் கிடங்குகளிலோ விலை போகாத தேயிலை மலைபோல் குவிந்து கிடந்தது. அதைத் தள்ளிவிட வழி செய்து கொடுப்பதற்காகப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யலாம். இங்கிலாந்தில் செலுத்திய தீர்வையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் இறங்கும்போது ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருக்கும். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை விதித்த வரியை, மலிவு விலை என்னும் வெல்லப்பாகு தடவி விழுங்க வைக்கப் பார்க்கிறார்கள் என்று பாஸ்டன்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கள்ளத்தனமாகத் தேயிலை இறக்கிக் கொண்டிருந்த வியாபாரிகளுக்கும் மலிவுச் சரக்கு வந்தால் பிழைப்புக் கெட்டுவிடும். அந்தக் கோபமும் இதில் சேர்ந்திருந்ததென்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் சரித்திர உபாத்தியாயர் அல்ல.

மூன்றாவது, சுலபமான கேள்வி. 1781 அக்டோபர் 19-ஆம் தேதி யார்க்டௌனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதியின் கல்லறை எங்கே இருக்கிறது?

லண்டனில் தேடாதீர்கள். கங்கைக் கரையில், காஸிப்பூரில் இருக்கிறது. சரணாகதிச் சடங்குக்கே உடம்பு சரியில்லை என்று வராமல் உதவித் தளபதியை அனுப்பிவைத்த காரன்வாலிஸ் பிரபுதான் அவர். தோற்றவருக்குத் தண்டனை என்ன? ஐந்து வருஷத்திற்குள் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி! திப்பு சுல்தானிடம் 1792-இல் பாதி ராஜ்யத்தைப் பறித்து, அவருடைய இரண்டு குமாரர்களைப் பிணையாகப் பெற்றுக்கொண்டவரும், மறு வருஷம் வங்காளத்தில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டியவரும் இவரே. இரண்டாம் முறை பதவியேற்று வந்து 1805-இல் இங்கேயே மாண்டார். அமெரிக்கா கை நழுவியதும் இந்தியாவை இறுகப் பிடித்துக் கொண்டார்கள் என்பதற்கு இவர் ஒருவரே போதிய சாட்சி.

நான்காவது. ஆபிரகாம் லிங்கன் அடிமைகள் எல்லாரையும் விடுதலை செய்தது எந்த வருஷம்?

இது கேள்வியிலேயே கண்ணி வைத்த கேள்வி. 1863 ஜனவரி 1-ஆம் தேதி லிங்கன் வெளியிட்ட பிரகடனம், கலகம் செய்து பிரிந்து போன பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கு மட்டுமே விடுதலை கூறிற்று. அவர் பக்கமே நின்ற கெண்டக்கி, மிஸௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகியவற்றில் இருந்த அடிமைகளை அது தொடவில்லை. யுத்தத்துக்கு முன் தேசம் முழுவதிலும் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். ஆனாலும் அந்தப் பிரகடனத்தை வெறுங்காகிதம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அது கறுப்பு மக்களுக்குச் சேனையின் கதவைத் திறந்தது. ஏறக்குறைய 1,80,000 பேர் வடக்கத்திய சேனையில் சேர்ந்து போரிட்டார்கள். அடிமைத்தனம் முழுவதும் சட்டப்படி ஒழிந்தது, அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் 1865 டிஸம்பர் 6-ஆம் தேதி உறுதியானபோது. அதைக் காண லிங்கன் உயிரோடில்லை. மிஸிஸிப்பி ராஜ்யத்துச் சட்டசபை அந்தத் திருத்தத்தை ஒப்புக்கொள்ள 1995 வரை ஆயிற்று. ஒப்புக்கொண்ட தீர்மானத்தை வாஷிங்டனுக்கு முறைப்படி தெரிவிப்பதற்கு மேலும் பதினெட்டு வருஷம்.

மிஸிஸிப்பியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. கடைசிக் கேள்வியும் அங்கிருந்துதான். நாம் இவ்வளவு நேரம் விளையாட்டாக நடத்திய பரீட்சையை அங்கே நிஜமாகவே நடத்தி வந்தார்கள்.

1890-இல் அந்த ராஜ்யம் தனக்கென்று ஒரு புதிய அரசியல் சட்டம் செய்துகொண்டது. ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ய வருகிறவர் அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவையும் படிக்க வேண்டும். அல்லது படிக்கக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். அல்லது தக்க பொருள் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் இதை இன்னும் இறுக்கினார்கள். தக்க பொருள் எது என்று யார் நிர்ணயிப்பது? பதிவு அதிகாரி ஒருவரே. எந்தப் பிரிவைக் கேட்பதென்பதும் அவர் இஷ்டம். வெள்ளையருக்கு ஒரு வரிப் பிரிவு. கறுப்பருக்கு வக்கீல்களும் விழிக்கும் பிரிவு. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. சிவப்பு மசிப் பேனா பிடித்துப் பழகிய கை நம்முடையதுமாதலால், இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வருகிறது.

1962 ஆகஸ்டு 31-ஆம் தேதி, பேனி லூ ஹேமர் என்ற அம்மாளும் வேறு பதினேழு பேரும் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி இருபத்தாறு மைல் பயணம் செய்து, இண்டியனோலா என்னும் ஊரிலுள்ள கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போனார்கள். அம்மாளுக்கு வயது நாற்பத்து நான்கு. பெற்றோருக்கு இருபதாவது குழந்தை. ஆறு வயதிலிருந்து பருத்தி பொறுக்கியவர். பள்ளிப் படிப்பு கொஞ்சந்தான். அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்து எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதிவிட்டார், விளக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் போலீஸார் பஸ்ஸை நிறுத்தினார்கள். பஸ்ஸின் வர்ணம் சரியில்லையாம், அதற்கு அபராதம். வீடு வந்து சேர்ந்ததும், பதினெட்டு வருஷம் வேலை செய்த தோட்டத்தின் சொந்தக்காரர், பதிவு மனுவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வெளியேறு என்றார். அன்று இரவே வெளியேறினார்.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. சட்டத்தை வாங்கிப் படித்தார். 1963 ஜனவரி 10-ஆம் தேதி மறுபடி எழுதித் தேறினார். அந்த வருஷம் ஓட்டுப் போடச் சென்றபோது, தலைவரி செலுத்திய ரசீதுகள் இரண்டு எங்கே என்று கேட்டார்கள். பரீட்சைகளைத் தடுத்த ஓட்டுரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்டு 6-இல். அதற்கு முந்திய வருஷம் மிஸிஸிப்பியில் ஓட்டுரிமை பெறத் தகுதியுள்ள கறுப்பு மக்களில் நூற்றுக்கு 7 பேர்கூடப் பதிவாகியிருக்கவில்லை. 1967-இல் நூற்றுக்கு 59 பேருக்கு மேல்.